அலுவலகம் ஓர் ஊரில், கடன் வாங்கும் வீடு வேறோர் ஊரில்

கேள்வி: என் அலுவலகத்திலிருந்து 130 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே அலுவலகம் செல்கிறேன். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. அங்கிருந்து அலுவலகம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, வேலை இங்கிருக்க வீடு ஏன் அவ்வளவு தொலைவில் என்று கேட்டு, எழுத்து மூலம் விளக்கம் தரச் சொல்கிறார்கள். "முழு நேரமும் வீட்டிலிருந்தே வேலை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், யாரும் சரிபார்க்க மாட்டார்கள்" என்கிறார் கடன் தரகர். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். தரகர் சொன்னபடி எழுத வேண்டாம். தொலைவில் வீடு வாங்குவோர் பலரிடமும் வங்கிகள் கேட்கும் கேள்விதான் இது. உண்மையான பதில் உங்களிடம் இருக்கும்போது அதை மறைப்பதற்குத் தேவையே இல்லை.

வங்கி எதை அறிய விரும்புகிறது என்பதை முதலில் பார்ப்போம். அந்த வீட்டில் நீங்களே குடியிருக்கப் போகிறீர்களா, அல்லது வாடகைக்கு விடவோ விடுமுறைக்குப் போய்வரவோ வாங்குகிறீர்களா என்பதுதான் முதன்மையான ஐயம். பல நாடுகளில் சொந்தக் குடியிருப்புக்கு வாங்கும் கடனுக்கு வட்டி குறைவு, விலையில் கடனாகத் தரும் பங்கும் அதிகம். பணமுடை வரும்போது மனிதர்கள் தாங்கள் குடியிருக்கும் வீட்டின் தவணையைத்தான் எப்பாடுபட்டேனும் கட்டுவார்கள் என்பது கடன் கொடுப்போரின் அனுபவம். இந்த வேறுபாடு சிறியதன்று. 20 ஆண்டுக் கடனுக்கு 8 சதவீத வட்டி என்றால், வாங்கிய ஒவ்வொரு நூறுக்கும் ஏறத்தாழ 201 திருப்பிக் கட்டுவீர்கள். வட்டி 9 சதவீதமானால் அது 216 ஆகிவிடும். ஒரே ஒரு சதவீதப் புள்ளி, அசலில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்குச் சமமான கூடுதல் சுமையைக் கொண்டுவருகிறது. ஆகவே அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே தினமும் போய்வர முடியாத தொலைவு தெரிந்தால், சொந்தக் குடியிருப்பு என்ற உங்கள் அறிவிப்பை அவர்கள் சோதித்துப் பார்க்கவே செய்வார்கள். இரண்டாவது ஐயம் உங்கள் வருமானம் பற்றியது: குடிபெயர்ந்த பிறகும் இதே வேலை, இதே சம்பளம் நீடிக்குமா?

இரண்டுக்கும் விடை ஒரே ஆவணத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிடமிருந்து, உங்கள் பணி நிரந்தரமானது, வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே அலுவலகம் வர வேண்டும், புதிய முகவரிக்குக் குடிபெயர்வதை நிறுவனம் அறியும், அதனால் சம்பளம் மாறாது என்ற நான்கு செய்திகளையும் தெளிவாகச் சொல்லும் கடிதம் ஒன்றைப் பெறுங்கள். நான்காவதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பணியாளர் வசிக்கும் இடத்தைப் பொறுத்துச் சம்பளத்தை நிர்ணயிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அது தெரியாமல் இன்றைய சம்பளத்தை வைத்துத் தவணையைக் கணக்கிட்டுவிட்டால் பிறகு திணற நேரிடும். மேலாளர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதி வங்கிக்குப் போதாது. அந்த மேலாளர் மாறிவிட்டால் உங்களுக்கும் போதாது. இந்தக் கடிதத்துடன், இரு நாட்களும் எப்படிப் போய்வருவீர்கள், இந்த வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

தரகரின் யோசனையில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். வங்கி உங்கள் நிறுவனத்துக்கே தொலைபேசியில் பேசிப் பணி விவரங்களை உறுதிப்படுத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. சில சமயம் பணம் வழங்கும் நாளுக்குச் சற்று முன்பு மீண்டும் ஒருமுறை கேட்பார்கள். விண்ணப்பத்தில் பொய் இருந்தது தெரியவந்தால், மீதித் தொகை முழுவதையும் உடனே கட்டச் சொல்லும் உரிமையை ஒப்பந்தமே வங்கிக்குத் தருவதுண்டு. சில நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். தரகருக்கு அவருடைய கட்டணம் கிடைத்துவிடும், கையெழுத்து உங்களுடையது.

வங்கி நிறைவடைந்தாலும் நீங்கள் நிறைவடையக் கூடாத ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் கடனின் காலம் 20 ஆண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம். வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியோ ஒரு சுற்றறிக்கையில் முடிந்துபோகக் கூடியது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த அனுமதியை வழங்கிய பல நிறுவனங்கள் பின்னர் பணியாளர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஐந்து நாட்களும் வரச் சொன்னால், வாரத்துக்கு 20 மணி நேரம் சாலையில் கழியும். ஆண்டில் 46 வாரங்கள் என்று கொண்டால் 920 மணி நேரம், அதாவது எட்டு மணி நேர வேலை நாளாக எண்ணினால் 115 நாட்கள். ஜெர்மனி நாட்டுத் தரவுகளை ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்ட அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே என்ற பொருளியலாளர்கள், நீண்ட நேரம் பயணம் செய்வோரின் வாழ்க்கை நிறைவு குறைவாகவே இருப்பதையும், நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அந்தக் குறையை ஈடுகட்டிவிடவில்லை என்பதையும் கண்டார்கள். பெரிய வீடு கிடைக்கிறதே என்ற மகிழ்ச்சியில் இதைத் தள்ளிவிடாதீர்கள்.

எனவே கடன் தொகையை அந்த மோசமான நிலையை வைத்து முடிவு செய்யுங்கள். வங்கி உங்கள் வருமானத்தில் கடன் தவணைகள் எத்தனை பங்கு என்று பார்க்கும். எரிபொருள், வாகனத் தேய்மானம், தங்கும் செலவு ஆகியவை பெரும்பாலும் அந்தப் பங்கில் வருவதில்லை. வாரம் ஐந்து நாட்கள் பயணம் செய்தாலோ, அலுவலகத்துக்கு அருகில் ஓர் அறை எடுத்துத் தங்கினாலோ ஆகும் செலவைத் தவணையுடன் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையை உங்கள் குடும்பம் இரண்டு ஆண்டுகளுக்கேனும் தாங்குமென்றால் துணிந்து வாங்கலாம். வேறு வேலை தேடிக்கொள்ள அந்த அவகாசம் போதுமானது. தாங்காது என்றால், வங்கி எவ்வளவு தர முன்வந்தாலும் அந்தத் தொகை உங்களுக்கு அதிகம்தான். கையிருப்பை இன்னும் சேர்த்துக்கொண்டு குறைவாகக் கடன் வாங்குவதோ, பாதித் தொலைவில் வேறு வீடு பார்ப்பதோ மேல் என்பது என் கருத்து.

வீட்டை வாடகைக்கு விட்டு அலுவலகத்துக்கு அருகே திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் வரலாம். சொந்தக் குடியிருப்புக்கென வாங்கிய கடனில் அதற்கு வங்கியின் ஒப்புதல் தேவைப்படுவது வழக்கம். குடியேறிய பிறகு குறைந்தது ஓராண்டாவது அங்கே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சில ஒப்பந்தங்களில் உண்டு. வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாட்கள் பூட்டியே கிடந்தால் காப்பீட்டின் பயன் சுருங்கிவிடும் என்ற விதியும் பல காப்பீட்டு ஆவணங்களில் இருக்கிறது.

விற்பவருக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால், நிறுவனத்தின் கடிதம் கைக்கு வரும்வரை கொடுக்க வேண்டாம். வீடுகள் அதிகம் கைமாறாத பகுதியில் வங்கியின் மதிப்பீட்டாளர், நீங்கள் பேசி முடித்த விலையைவிடக் குறைத்து வீட்டை மதிப்பிடக்கூடும்; அப்போது குறைந்த மதிப்பின் மீதே கடன் கிடைக்கும், இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். எனவே, கடன் கிடைக்காமல் போனாலோ மதிப்பீடு குறைந்தாலோ முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்ற வரியை விற்பனை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி, உங்கள் வழக்கறிஞரிடம் அதைக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள்.