ஸ்மித் என்றொரு பெயர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்னை சூப்பர் கிங்ஸில் ஆடிய டுவைன் ஸ்மித்தும் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தும் தூரத்துச் சொந்தமா? (திருச்சி வாசகர்)

அப்படி நினைக்கக் காரணமே இல்லை. ஒருவர் பார்படாஸ்காரர், இன்னொருவர் சிட்னிக்காரர். ஸ்மித் ஒரு வம்சத்தின் பெயரல்ல, கொல்லரின் தொழிற்பெயர். நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக முளைத்தது. 2009-இல் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 குடும்பப் பெயர்களை எடுத்து, தந்தைவழி வரும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையில் போய் முடிந்தார்கள். ஸ்மித்களிடம் அப்படி எந்த ஒற்றுமையும் இல்லை.

அந்தக் காலத்தில் விவசாயிகள்தானே அதிகம்? ஃபார்மர் என்ற பெயரல்லவா பரவியிருக்க வேண்டும்? (தஞ்சாவூர்)

அருமையான கேள்வி. எல்லோரும் உழுகிற ஊரில் 'உழவர் ஜான்' என்று சொன்னால் யாரைத் தேடுவது? பட்டறையோ ஊருக்கு ஒன்றுதான். கொழு தேய்ந்தாலும், அரிவாள் மழுங்கினாலும், குதிரைக்கு லாடம் கழன்றாலும், கதவுக்குக் கீல் வேண்டுமென்றாலும் அந்த உலைக்குத்தான் போகவேண்டும். அதனால் 'ஸ்மித் ஜான்' என்றால் யாருக்கும் குழப்பமில்லை. நாம் மெக்கானிக் குமார் என்கிறோமே, அதே மாதிரிதான். தவிர, இடைக்கால ஆங்கிலத்தில் ஃபார்மர் என்றால் வரியோ குத்தகையோ வசூலிப்பவர். உழவர் என்ற பொருள் அதற்கு ஒட்டியது பிற்பாடுதான்.

முதலில் இது பட்டப்பெயராகத்தான் இருந்தது. கொல்லரின் மகன் தையல்காரரானால் டெய்லர் ஆகிவிடுவார். 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் ரொட்டி சுட்டவரும் ஸ்மித்தாகவே இருந்தார்.

அடிப்பதைக் குறிக்கும் 'ஸ்மைட்' என்ற சொல்லிலிருந்து வந்ததா? (மதுரை)

இல்லை. சம்மட்டியை நினைத்துப் பலரும் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால் இரண்டும் வேறு வேர். ஸ்மித்தின் உடன்பிறப்புகள் ஜெர்மனின் ஷ்மிட், டச்சு மொழியின் ஸ்மிட்.

ஸ்மைத் என்று எழுதுபவர்கள் உயர்குடியினரா? (கோவை)

எழுத்துதான் வேறு. பழைய எழுத்தர்கள் ஐ-க்குப் பதில் ஒய் போடுவதும் கடைசியில் ஒரு ஈ சேர்ப்பதும் சாதாரணம்.

அமெரிக்காவில் எத்தனை ஸ்மித்கள்? கறுப்பினத்தவரிடமும் இந்தப் பெயர் எப்படி வந்தது? (சேலம்)

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 24,42,977 பேர், நாட்டிலேயே முதலிடம். அவர்களில் சுமார் 71 சதவீதம் வெள்ளையர், 23 சதவீதம் கறுப்பினத்தவர். 1865-இல் அடிமை முறை ஒழிந்தபோது, குடும்பப் பெயரைப் பதிவில் எழுதும் உரிமை பலருக்கு முதல்முறையாகக் கிடைத்தது. முன்னாள் எஜமானரின் பெயரை எழுதியவர்களும் உண்டு, தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. எல்லாமே எஜமானர் கொடுத்த பெயர் என்று எழுதுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். ஷ்மிட் என்ற பெயரோடு குடியேறிய ஜெர்மானியர் பலரும் ஸ்மித் ஆனார்கள்.

என் அலுவலக நண்பர் ஸ்மித், ஆனால் தன்னை ஐரிஷ்காரர் என்கிறார். சரியா? (சென்னை)

சரியாகவே இருக்கலாம். ஐரிஷ் மொழியில் 'கொல்லரின் மகன்' என்று பொருள்படும் மக் கவன் குடும்பங்கள், குறிப்பாகக் கேவன் மாவட்டத்தில், ஆங்கில ஆட்சிக் காலத்தில் பெயரை மொழிபெயர்த்து ஸ்மித் ஆக்கிக்கொண்டன. தாத்தா எந்த மாவட்டம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.