ஒரு பக்க ஃபைனல் டிரைவ் மட்டும் கொதிக்கிறதா? முழு செட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கரூர் அருகே ஜல்லி குவாரியில் 20 டன் எக்ஸ்கவேட்டர் வைத்திருக்கிறோம். 7,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. அரை கிலோமீட்டர் நடத்திச் சென்றாலே வலது பக்க ஃபைனல் டிரைவ் (செயினைச் சுழற்றும் கியர் பெட்டி) கை வைக்க முடியாத அளவு கொதிக்கிறது. இடது பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அதை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டாரான டிராவல் மோட்டாரோடு முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: செட்டுக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். செலவை மட்டும் நினைத்து இதைச் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் புது செட்டைப் பூட்டினால், பழையதைக் கெடுத்த அதே கோளாறு புதியதையும் கெடுத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் சூடாவது தேடலைப் பாதியாகக் குறைக்கிறது. கோடை வெயில், நீண்ட நடை, ஆயில் கூலர் அடைப்பு ஆகியவை இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சூடாக்கும். ஆகவே கோளாறு வலது பக்கத்துச் செயின், பிரேக், மோட்டார், கியர் ஆகியவற்றுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதலில் கையால் தொட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். 60 டிகிரியிலேயே தோல் பொசுங்கிவிடும். கியர் பெட்டிக்கோ அது சாதாரணச் சூடு. ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குங்கள். இரண்டு பக்கமும் சேற்றைச் சுரண்டிவிட்டு, ஒரே இடத்தில், பெயின்ட் இருக்கும் பரப்பில் அளவெடுங்கள். பளபளக்கும் இரும்பில் காட்டினால் உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். இரண்டு பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 20 டிகிரியைத் தாண்டினால் சோதனைக்குத் தவிர வண்டியை நடத்தவே விடமாட்டேன்.

அடுத்து, சமதளத்தில் இரண்டு லீவரையும் முழுதாகத் தள்ளிச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். வண்டி வலது பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கம் ஓட முடியாமல் திணறுவதாக இருக்கலாம். செயின் அதிக டைட்டாக இருக்கலாம். செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக் கல்லும் சேறும் இறுகியிருக்கலாம். மோட்டாருக்குள் இருக்கும் பார்க்கிங் பிரேக் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். செயினைத் தளர்த்தும்போது, அதை டைட்டாக வைத்திருக்கும் கிரீஸை வெளியேற்றும் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது, அதற்கு நேர் எதிரே நிற்கவும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளைக் கொல்லும் அளவுக்கானது.

நேராகவே ஓடுகிறது, சூடு மட்டும் ஏறுகிறது என்றால் கியர் பெட்டியின் ஆயிலைப் பாருங்கள். என் சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான். வண்டியைக் கொஞ்சம் ஆறவிட்டு, வடிக்கும் பிளக் நேர் கீழே வருமாறு நகர்த்தி நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்த பிறகு, பக்கவாட்டில் நின்றுகொண்டு ஆயில் மட்டம் பார்க்கும் லெவல் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள்.

ஆயில் அந்தத் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டின் உட்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலை உள்ளே அடைத்துவைக்கும் ஃப்ளோட்டிங் சீலைக் குவாரித் தூள் அறுத்து, ஆயில் வெளியேறியிருக்கும்.

மாறாக, பிளக்கைத் தளர்த்தியதுமே ஆயில் பீறிட்டு வந்தால், அதுவும் தண்ணீர்போல இலகுவாக இருந்தால், அது கியர் ஆயில் அல்ல. மோட்டார் அச்சைச் சுற்றியிருக்கும் ஷாஃப்ட் சீல் போய், ஹைட்ராலிக் ஆயில் கியர் பெட்டிக்குள் புகுந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய ஆயிலைக் கியர்கள் ஓயாமல் கடைவதால் சூடு பிறக்கிறது. நீர்த்துப்போன ஆயிலோ பற்களையும் பேரிங்கையும் சரியாகக் காப்பதில்லை. மெக்கானிக்குக் கியர் பெட்டி கெட்டதுபோலத் தோன்றுவதும் இதனால்தான்.

சரி, அந்த சீல் ஏன் போனது? மோட்டாருக்குள் கசியும் ஆயில் கேஸ் டிரெயின் என்ற மெல்லிய குழாய் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. பல வண்டிகளில் அந்தப் பாதையில் ஒரு சிறு ஃபில்டர் உண்டு. வழக்கமான சர்வீஸில் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அது அடைத்துக்கொண்டால் மோட்டார் உறைக்குள் அழுத்தம் ஏறி, சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும். அதை மாற்றாமல் புது மோட்டார் போட்டால் அதன் சீலும் போகும். அந்தக் குழாயை அடைத்துவைத்துச் சோதிக்க ஒருபோதும் விடாதீர்கள். இரண்டு பக்கத்துக் கேஸ் டிரெயினிலும் ஒரு நிமிடத்துக்கு வரும் ஆயிலை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். வலது பக்கம் மட்டும் மிக அதிகமாக வந்தால் மோட்டார் உள்ளுக்குள் தேய்ந்திருக்கிறது. அப்போது மெக்கானிக் சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதியை வடித்த ஆயில் சொல்லும். அதைச் சுத்தமான வாளியில் பிடித்து, அடியில் காந்தத்தை ஓட்டுங்கள். வெண்ணெய்போல மிருதுவான சாம்பல் பசை மட்டும் ஒட்டினால் அது இத்தனை மணி நேர ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் செதில்களோ துண்டுகளோ வந்தால் பேரிங் அல்லது கியர் உடைந்துகொண்டிருக்கிறது. பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பசை மட்டுமே வந்து, கேஸ் டிரெயின் அளவும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், ஷாஃப்ட் சீல், கேஸ் டிரெயின் ஃபில்டர், புது கியர் ஆயில் ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடும். ஆயிலின் ரகத்தையும் அளவையும் உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முதல் 50 மணி நேரத்தில் லெவல் பிளக்கை மறுபடி திறந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தால், ஹைட்ராலிக் ஆயில் மறுபடி புகுகிறது; மோட்டார் உறைக்குள் அழுத்தம் இன்னும் தணியாமல் இருக்கலாம்.