எல்டிஸ்பைஸ் ரா ஃபைல் டிஸ்க்கையே நிரப்புகிறது, என்ன செய்வது?

சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளான எல்டிஸ்பைஸில் 100 கிலோஹெர்ட்ஸ் பக் கன்வர்ட்டரை (வோல்டேஜைக் குறைக்கும் ஸ்விட்சிங் சர்க்யூட்) 1 விநாடிக்கு ஓட்டினால், முடிவுகள் பதிவாகும் ரா ஃபைல் பல ஜிபி ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 1 விநாடியில் 1 லட்சம் சுழற்சிகள். சுழற்சிக்கு 100 புள்ளிகள் என்றாலே 1 கோடி புள்ளிகள். எதைச் சேமிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், எல்டிஸ்பைஸ் எல்லா நோட் (உறுப்புகள் இணையும் புள்ளி) வோல்டேஜையும் உறுப்புகளின் கரண்டையும் எழுதும். 100 சிக்னல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட்: சுருக்காமல் எழுதினால் 4 ஜிபி.

அதனால் முதலில், எவற்றைச் சேமிப்பது என்று சொல்லும் சேவ் (.save) கட்டளையைப் போடுங்கள். அவுட்புட் வோல்டேஜ், இண்டக்டர் கரண்ட், ஸ்விட்ச் நோட் என 3 சிக்னல் போதுமென்றால் ஃபைல் நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்காகக் குறைந்துவிடும். பெரிய சர்க்யூட்டில் இதைவிடப் பலன் தரும் வழி வேறில்லை என்பது என் அனுபவம். ஆனால் அலைவடிவத்திலிருந்து மதிப்புகளை அளக்கும் மெஷர் (.meas) கட்டளை கேட்கும் சிக்னல்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், சேமிக்காததை அதனால் அளக்க முடியாது.

அப்புறம், நிலைபெற்ற அலைவடிவம் மட்டும் வேண்டுமா? சிமுலேஷன் ஓடும் நேரத்தைச் சொல்லும் ட்ரான் (.tran) கட்டளையில் சேமிப்பு தொடங்கும் நேரத்தை 0.99 என்று கொடுங்கள். சிமுலேஷன் பூஜ்யத்திலிருந்தே ஓடும், கடைசி 10 மில்லிவிநாடி மட்டும் பதிவாகும்.

பிளாட்வின்சைஸ் (plotwinsize) என்ற அமைப்பை 0 என்று எங்காவது போட்டிருக்கிறீர்களா, பாருங்கள். அது, எல்டிஸ்பைஸ் தானாகச் செய்யும் தரவுச் சுருக்கத்தை நிறுத்திவிடும். துல்லியமான எஃப்எஃப்டி (அதிர்வெண் பகுப்பாய்வு) எடுக்கும்போது அது தேவைதான், மற்ற நேரம் நீக்கிவிடுங்கள். அதிகபட்ச டைம்ஸ்டெப்பையும் (அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலான நேரம்) காரணமில்லாமல் சிறிதாக்க வேண்டாம்.