மச்சானுக்குப் போகும் பயிர்க்கடன்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வயல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பிசானப் பருவ நெல் மொத்தமும் போனது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தங்கை மாப்பிள்ளையின் லோடு ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு, சாகுபடிக்கு 3 வட்டிக்கு 1,20,000 ரூபாய் வாங்கினேன். அந்தக் கடன் இன்னும் அடையவில்லை. மச்சானிடம் திருப்பிக் கேட்டால் தங்கை வருத்தப்படுவாள். இப்போது வருடம் 50,000 ரூபாய் கட்டும் யூலிப் என்ற முதலீட்டோடு சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம். யூலிப்பில் 5 வருடம் பணத்தை எடுக்க முடியாது. உங்களுக்கோ அடுத்த கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பதே ஜூனில் பாபநாசம் அணையைப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்குக் கவலை தந்தது லோடு ஆட்டோதான். வட்டியில்லாமல் கிடைத்த பணத்தைக் கொடுத்துவிட்டு, அதே வயலுக்கு 3 வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். மாதம் 3,600, வருடம் 43,200 ரூபாய். செலவு போக ஏக்கருக்கு 20,000 நின்றால் மூன்று ஏக்கருக்கு 60,000. அதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு வட்டிக்கே போகிறது.

உங்கள் அப்பா காலத்தில் ஒரு பூ, அதாவது ஒரு போக சாகுபடி, தவறினால் அடுத்த பூவில் சமாளித்திருப்பார்கள். இப்போது ஜூன் மழை தள்ளிப்போகும் வருடமும் வருகிறது, டிசம்பரில் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் வருடமும் வருகிறது. அந்த 2023 வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருடம் முழுக்கக் காணும் மழையைவிட அது அதிகம். காற்று சூடாகச் சூடாக அது தாங்கும் ஈரமும் கூடுகிறது. இப்படிக் கொட்டுவது இனி அபூர்வம் என்று நம்பி விதைக்க முடியாது. பயிர் போனால் வருமானம் நின்றுவிடும், 3,600 நிற்காது.

சரி, வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 3 வட்டிக் கடனை இந்த மாதமே அடைத்துவிடுங்கள். வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி 12,000தான். 31,000 ரூபாய் மிச்சம். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் செய்யுங்கள்.

பிசான நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயி பங்கு 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 35,000 என்றால் 525 ரூபாய், மூன்று ஏக்கருக்கு 1,575. நீங்கள் கட்டும் அரை மாத வட்டியைவிடக் குறைவு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (பயிர்ப் பதிவுச் சான்று) வாங்கிக் கடைசித் தேதிக்கு முன்பே பதிவு செய்யுங்கள். சங்கத்தில் பிடித்திருப்பார்கள் என்று இருந்துவிடாமல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் மகசூல் இழப்பீட்டை உங்கள் வயலை மட்டும் பார்த்துத் தர மாட்டார்கள். கிராமத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திக் கணக்கிடுவார்கள். பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதை நம்பி இன்னொரு கடன் வேண்டாம்.

அப்புறம் மச்சான். மழை தவறினாலும் லோடு ஆட்டோ ஓடும். மாதாமாதம் ஒரு தொகையை அவரே சங்கத்தில் உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும். கெடு தாண்டினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும், அடுத்த கடனும் சிக்கலாகும். தங்கையும் இருக்கும்போதே இதைப் பேசுங்கள். அடுத்த பயிர்க்கடன் விதைக்கும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் மட்டும்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.