மாஸ்க்கைக் கழற்றி எறிகிற முன்னாள் ராணுவ வீரர்

தூக்கத்தில் மணிக்கு 38 மூச்சுத்தடைகள் உள்ள முன்னாள் ராணுவ வீரர், சிபாப் கருவியை (மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) இரவுக்கு சராசரியாக ஒன்றரை மணி நேரம்தான் போடுகிறார், 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். அந்தச் சொல் அவர் கோப்பை விட்டுப் போகவே போகாது.

சராசரியை நம்பாமல் ஒவ்வொரு இரவின் பதிவையும் திறந்து பாருங்கள். தினமும் தூங்கி அதே ஒன்றரை மணி நேரத்தில் கழற்றுகிறார் என்றால் எனக்குக் கெட்ட கனவு மேல்தான் சந்தேகம். கனவுத்தூக்கம் முதலில் வருவது ஏறக்குறைய அப்போதுதான். மூச்சுத்தடையும் பலருக்கு அதில் கூடும். இதை அவருடைய மனநல மருத்துவருக்குச் சொல்லியே ஆக வேண்டும், மாஸ்க் மாற்றி மட்டும் தீராது.

மாட்டும்போதே பதறுகிறார் என்றால் கதை வேறு. விஷவாயு முகமூடியோடு பயிற்சி எடுத்தவரிடம் வாய், மூக்கு இரண்டையும் மூடும் மாஸ்க்கைக் கொடுத்தால் பதறாமல் என்ன செய்வார்? மூக்கடைப்பு இல்லையென்றால் நாசித்துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன வகையைக் கொடுங்கள். பகலில், விழித்திருக்கும்போது, முதலில் குழாய் இல்லாமல் ஐந்து நிமிடம், சில நாள் கழித்துக் காற்றோடு. கழற்றுவதையும் அவரே பழகட்டும். ராம்ப், அதாவது காற்றழுத்தம் மெல்ல ஏறும் அமைப்பு, 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கினால் சிலருக்குக் காற்றே போதாது. 6-ல் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொன்று, தூக்க ஆய்வகத்தில் அவரைத் தொட்டு எழுப்ப வேண்டாம். கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் இதைத் தாடையில் ஒரு குத்து வாங்கித்தான் கற்றேன்.