செஸ்ஸில் முன்னேற என்ன செய்யலாம்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

சனிக்கிழமை பின்னேரங்களில் கல்லடியில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினாறு வருசமாகிறது. கடந்த இரண்டு கிழமைக்குள் வந்த கேள்விகளை ஒன்றாக வைத்துக்கொண்டு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டங்களின் பெயர் தெரியாதவர்களுக்கு: வெள்ளைக் காய் ஆடுபவரின் இடது கைப் பக்கமிருந்து வலது பக்கமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். அவருக்குக் கிட்ட உள்ள வரிசை 1, எதிராளிக்குக் கிட்ட உள்ளது 8. பலகையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

கேள்வி (கல்லடி, உயர்தர மாணவன்): சேர், ஒரு வருசமாக லீசெஸ் இணையத்தளத்தில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிறேன், சில நாளில் முப்பது ஆட்டம்கூட. ரேட்டிங் (ஆட்டத் திறமைக்கான புள்ளி) 1350இலேயே நிற்கிறது. நேற்றுத் தோற்ற ஆட்டத்தையும் அனுப்புகிறேன். பிழை எங்கே?

பதில்: தம்பி, அந்த ஆட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது. மொத்தம் ஏழு நகர்த்தல்தான், அதனால் முழுவதையும் பார்ப்போம்.

நீங்கள் வெள்ளை. சிப்பாய் ஈ4, அவரும் ஈ5. நீங்கள் குதிரை எஃப்3, அவர் குதிரை சி6. நீங்கள் பிஷப் சி4. இதுவரை நல்ல ஆட்டம். இப்போது அவர் சி6 குதிரையைத் தூக்கி டி4இல் வைக்கிறார். ஈ5 சிப்பாய் காவலில்லாமல் நிற்கிறது. நீங்கள் எடுத்த நேரம் ஒரு செக்கன். குதிரையால் ஈ5ஐ வெட்டினீர்கள்.

அவர் ராணியை ஜி5க்குக் கொண்டுவருகிறார். ஒரே நகர்த்தலில் உங்கள் ஈ5 குதிரைக்கும் ஜி2 சிப்பாய்க்கும் ஆபத்து. நீங்கள் குதிரையால் எஃப்7ஐ வெட்டி, ராணியையும் எச்8 கோட்டையையும் ஒரே நேரத்தில் தாக்கிவிட்டோம் என்று சந்தோசப்பட்டிருப்பீர்கள். அவர் ஜி2ஐ வெட்டினார். கோட்டையைக் காப்பாற்ற எஃப்1க்குப் போனீர்கள். அவர் ராணியால் ஈ4ஐ வெட்டிச் செக். பிஷப்பை ஈ2க்கு இழுத்து மறித்தீர்கள். டி4இல் நின்ற குதிரை எஃப்3க்கு வந்தது, செக்மேட். ஈ2 பிஷப் அந்தக் குதிரையை வெட்ட முடியாது, ஏனென்றால் அதற்கு நேரே ஈ4இல் ராணி நிற்கிறாள். ராஜாவைச் சுற்றி நிற்பதெல்லாம் உங்களுடைய காய்களே.

இது பழைய பொறி. இதை மனப்பாடம் செய்யச் சொல்லி எழுதவில்லை. டி4க்குக் குதிரை வந்தபோது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: "இவர் ஏன் ஒரு சிப்பாயைச் சும்மா விடுகிறார்?" அதற்கு அரை நிமிடம் வேண்டும். மூன்று நிமிட ஆட்டத்தில் அந்த அரை நிமிடம் உங்களிடம் இல்லை. குதிரையைக் குதிரையால் டி4இல் வெட்டி, அவர் சிப்பாயால் திருப்பி வெட்டிய பிறகு காஸ்லிங் (ராஜாவை ஓரத்துக்கு நகர்த்தி, கோட்டையை அதற்கு மறுபக்கம் வைப்பது) செய்திருந்தால் வெள்ளைக்குத்தான் நல்ல நிலை.

அதனால், மூன்று நிமிட ஆட்டத்தை ஒரு மாதம் நிறுத்துங்கள். பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து செக்கன் கூடுதல் என்று வைத்து ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் போதும். ஒரு கொப்பி வாங்குங்கள். ஆட்டம் முடிந்தவுடன், இன்ஜினை (நகர்த்தல்களைச் சரிபார்க்கிற கணினி நிரல்) திறக்க முதல், நீங்கள் எதிர்பார்க்காத நகர்த்தல் எது வந்ததோ அதை எழுதுங்கள். அந்த நேரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். மறுகா இன்ஜினைப் பாருங்கள். இருபது ஆட்டம் எழுதி முடித்தபின் கொப்பியைப் புரட்டினால் ஒரே பிழை நாலைந்து தரம் வந்திருப்பதைக் காண்பீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் செய்கிற பெரிய வேலையே அந்தப் பிழையை அவர்களைக் கொண்டே கண்டுபிடிக்க வைப்பதுதான். வேறு யாராவது காட்டிக்கொடுத்த பிழை அடுத்த கிழமையே திரும்பி வந்துவிடும்.

கேள்வி (ஏறாவூர்): தொடக்க நகர்த்தல்கள் எத்தனை படிக்க வேண்டும்?

பதில்: வெள்ளைக்கு ஒன்று. கறுப்பில் ஈ4க்கு ஒன்று, டி4க்கு ஒன்று. இப்போதைக்குப் போதும். நடுக்கட்டங்களைப் பிடிப்பது, குதிரை பிஷப்பை வெளியே எடுப்பது, பத்து நகர்த்தலுக்குள் காஸ்லிங். இந்த மூன்றும் கைவந்த பிறகு மிச்சத்தைப் பேசலாம்.

கேள்வி (மண்டூர், ஆசிரியை): எங்கள் பாடசாலையில் செஸ் பலகை இரண்டுதான். பிள்ளைகள் பதினெட்டுப் பேர். பயிற்சியாளர் இல்லை, இணையமும் சரியாக வராது. எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) பிள்ளைகளோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: டீச்சர், உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) பிள்ளைகள் பலருக்கு உள்ள சிக்கல் இது.

முதலில் பலகை. காட்போட் மட்டையில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கீறி, சோடா மூடிகளில் எழுத்து எழுதினால் காய் ஆகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆடுபவரின் வலது கை மூலை வெள்ளைக் கட்டமாக இருக்க வேண்டும்.

அடுத்தது, முழு ஆட்டத்தில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு கிழமை சிப்பாய்ச் சண்டை மட்டும். இரு பக்கமும் எட்டு எட்டுச் சிப்பாய், வேறு காய் கிடையாது. முதலில் மறுகரைக்குப் போய்ச் சேர்பவர் வென்றார். அடுத்த இரண்டு கிழமை ராஜாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதனால் பதினெட்டுப் பேரும் மாறி மாறி ஆடலாம்.

பிறகு இந்த நிலையைக் கரும்பலகையில் கீறுங்கள். வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. வேறு எதுவும் இல்லை. கறுப்பின் முறை என்றால் வெள்ளை வெல்லும். வெள்ளையின் முறை என்றால், கறுப்பு சரியாக ஆடினால் சமநிலை. பிள்ளைகளிடம் விடையைச் சொல்லாதீர்கள். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். இரண்டு ராஜாவும் நேருக்கு நேர், நடுவில் ஒரு கட்டம் விட்டு நிற்கும்போது யார் முதலில் விலக வேண்டி வருகிறதோ அவர்தான் வழி விடுகிறார். வயல் வரம்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கித்தானே ஆகவேண்டும்? அப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். அதே நிலையை ஏ வரிசைக்குத் தள்ளி வையுங்கள். இப்போது எவ்வளவு முயன்றாலும் வெல்ல முடியாது. ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாராவது சொன்னால் 2024 டிசம்பர் 12 சிங்கப்பூரைச் சொல்லுங்கள். உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். சமநிலையில் முடியும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, 55ஆவது நகர்த்தலில் சீனாவின் டிங் லிரென் கோட்டையை எஃப்2இல் வைத்தார். கோட்டைகள் வெட்டுப்பட்டன. உடனே அவரை எதிர்த்து ஆடிய சென்னையின் குகேஷ் தன் பிஷப்பை டி5இல் வைத்தார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டிக்கொண்டது, வெட்டுப்படாமல் தப்ப வழியில்லை. அப்புறம் பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும்தான், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட. மூன்று நகர்த்தலுக்குள் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார், 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன். நீங்கள் கரும்பலகையில் கீறப்போகிற அதே பாடம்தான்.

இணையம் கிடைக்கும் நாளில் ஐம்பது புதிர்களை எடுத்து அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். குருமண்வெளித் துறையில் பாதைக்காக (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) காத்து நிற்கிற நேரத்தில் ஒரு பிள்ளை இரண்டு புதிர் செய்துவிடும். உங்கள் பிள்ளைகள் மூன்று மாதம் இப்படிச் செய்தால், டவுனில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளை முடிவாட்டத்தில் மடக்குவார்கள். இதை நான் மனமார நம்புகிறேன்.

கேள்வி (திருக்கோவில், தரம் 7): என் வகுப்பில் ஒருவன் எல்லாரையும் நாலு நகர்த்தலில் மேட் பண்ணுகிறான். எப்படித் தடுப்பது?

பதில்: அவன் ஈ4, நீங்கள் ஈ5. அவன் ராணியை எச்5க்குக் கொண்டுவந்ததும் நீங்கள் குதிரை சி6. அந்த இடத்தில் அவசரப்பட்டு ஜி6 தள்ளினால் ராணி ஈ5ஐ வெட்டிச் செக் வைக்கும், மூலைக் கோட்டையும் போய்விடும். அவன் பிஷப் சி4 வைத்த பிறகுதான் நீங்கள் ஜி6. ராணி எஃப்3க்கு ஓடி மறுபடி எஃப்7ஐப் பார்க்கும். குதிரையை எஃப்6இல் வையுங்கள், வாசல் மூடியாயிற்று. இப்போது உங்களுடைய இரண்டு குதிரைகளும் வெளியே. அவனோ ராணியை ஓடவைத்து நேரத்தைத் தொலைத்திருக்கிறான். இரண்டு தரம் இப்படி ஆடினால் அவனே விட்டுவிடுவான்.

கேள்வி (காத்தான்குடி, ஒரு தாய்): மகள் நாலாம் ஆண்டு. தோற்றால் அழுகிறாள், சாப்பிடவும் மாட்டாள். அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை. நிறுத்திவிடுவோமா என்று யோசிக்கிறோம். பெண்பிள்ளைக்கு இது தேவையா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: தங்கச்சி, தோற்றால் அழுகிற பிள்ளைக்கு அந்த ஆட்டத்தில் ஆசை இருக்கிறது. அது நல்ல விசயம். அழுகிற நேரத்தில் "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள், அவளுக்குப் பரவாயிருக்கிறதே. அமைதியான பிறகு, "இந்த ஆட்டத்தில் உனக்குப் பிடித்த நகர்த்தல் எது?" என்று கேளுங்கள். தோற்ற ஆட்டத்திலும் ஒன்று இருக்கும். அதைப் பலகையில் வைத்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆடத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, அவள் உங்களுக்கு ஆசிரியை ஆகிவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் "வென்றியா, தோற்றியா" என்று கேட்பதை மட்டும் எல்லோரும் நிறுத்த வேண்டும்.

பரீட்சை வருசத்தில் போட்டிகளைக் குறையுங்கள். ஆனால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் புதிர் இருக்கட்டும். முழுக்க நிறுத்திய பிள்ளைகளில் பலர் திரும்பி வரவேயில்லை. அதில் இரண்டு பேரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கஷ்டப்படும்.

பெண்பிள்ளைக்கா என்று கேட்பவர்களுக்கு சென்னையின் வைஷாலியைச் சொல்லுங்கள். டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் பெற்றோர் அவரைச் செஸ்ஸில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தா பலகைக்கு வந்தார். இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். 1991இல் ஜூடித் போல்கார் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அதுவரை பொபி ஃபிஷர் வைத்திருந்த சாதனை முறிந்தது.

கேள்வி (சம்மாந்துறை, 46 வயது): நான் டாம் நன்றாக ஆடுவேன், கடைத்தெருவில் என்னை வெல்ல ஆளில்லை. மகனோடு செஸ் ஆடினால் தோற்கிறேன். இந்த வயதில் முன்னேற முடியுமா?

பதில்: முடியும் அண்ணன். டாம் ஆடுகிறவர்களுக்கு மூன்று நாலு நகர்த்தல் முன்னால் பார்க்கிற கண் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பழக்கத்தை மட்டும் விடவேண்டும். டாமில் வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆகவேண்டும். செஸ்ஸில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் கை தானாகவே வெட்டப் போகும், மகன் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். வெட்டலாம் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மேலே கல்லடித் தம்பியின் ஆட்டத்தையும் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

கேள்வி (கல்முனை): ஃபிடே (உலகச் செஸ் சம்மேளனம்) ரேட்டிங் எடுப்பது எப்படி? முதலில் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: ஃபிடே ரேட்டிங் உள்ள போட்டிகளில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு ஆகக் குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். அதில் அரைப் புள்ளியாவது எடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் அடிமட்டத்தை 1400ஆக உயர்த்திவிட்டார்கள், அதற்குக் கீழே பட்டியலில் பெயர் வராது. ரேட்டிங்குக்காக அவசரப்பட்டுப் போகாதீர்கள். ஐம்பது ஆட்டமாவது கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): இன்ஜின் பார்த்துப் படிப்பது நல்லதா?

பதில்: கடைசியில் பார்த்தால் நல்லது. இன்ஜின் விடையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. குகேஷையே தொடக்க ஆண்டுகளில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இன்ஜின் இல்லாமல்தான் வளர்த்தார்.

கேள்வி (அக்கரைப்பற்று): மகன் முதன்முதலாகப் போட்டிக்குப் போகிறான். என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

பதில்: தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கிற காயை நேராக்க வேண்டுமென்றால், தொட முதல் "சரிசெய்கிறேன்" என்று சொல்ல வேண்டும், அதுவும் தன்னுடைய முறை வரும்போதுதான். சமநிலை கேட்பதானால் நகர்த்திவிட்டுக் கேட்டு, பிறகு கடிகாரத்தை அழுத்த வேண்டும். போனை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின்போது பிள்ளையிடம் போன் இருப்பது தெரிந்தால் ஆட்டமே போய்விடும்.

ராணி கூடுதலாக இருக்கும்போதுதான் புதுப் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். எதிராளியின் ராஜா எச்8 மூலையில் தனியாக நிற்க, நம் ராணியை ஜி6இல் வைத்தால் செக்கும் இல்லை, அவருக்குப் போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அரைப் புள்ளிதான். போன வருசம் என் மாணவி ஒருத்தி இப்படி விட்டுவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றிரவு அந்த நிலையை மகனுக்குப் பலகையில் வைத்துக் காட்டுங்கள். தண்ணீர்ப் போத்தலும் இரண்டு பேனையும் கொடுத்துவிடுங்கள், நகர்த்தல்களை எழுத வேண்டி வரும்.