முக்திநாத் போன இடத்தில் ஊரடங்கு வந்தால்?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து 14 பேர் முக்திநாத் யாத்திரைக்குப் பதிவு செய்திருக்கிறோம். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு 71 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். 2025 செப்டம்பரில் நேபாளத்தில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். நாங்கள் அங்கே இருக்கும்போது அப்படி ஏதாவது வெடித்தால் என்ன செய்வது?

பதில்: அப்படி நடந்தால் முதல் மூன்று நாள் இருக்கும் இடத்தை விட்டு அசையாதீர்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் அந்த மூன்று நாளை அம்மா சிரமமில்லாமல் கழிப்பதற்கான ஏற்பாடுகள்.

மூன்று நாள் என்று ஏன் சொல்கிறேன்? அந்தச் செப்டம்பரையே பாருங்கள். 8-ஆம் தேதி அரசை எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் மீது துப்பாக்கிச் சூடு, அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். 9-ஆம் தேதி அப்போதைய பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றமும், அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் எரிந்தன, காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. அன்று இரவு 10 மணிக்கு ராணுவம் பாதுகாப்புப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. 10-ஆம் தேதி மாலையே விமான நிலையம் திறந்துவிட்டது. ஊரடங்கு அதன் பிறகும் நீடித்தது, ஆனால் இடையிடையே சில மணி நேரம் தளர்த்தினார்கள். ஆக, மிக மோசமான நேரம் இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளில் "எப்படியாவது சுனௌலி இந்திய எல்லைக்குப் போய்விடலாம்" என்று வண்டி பிடிப்பதுதான் பெரிய ஆபத்து. மலைப்பாதை, வழியெல்லாம் டயர் எரிப்பு, போதாததற்குச் சிறைகளிலிருந்து 13,000-க்கும் மேற்பட்ட கைதிகள் தப்பி வெளியே இருந்தார்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் இறங்கவே கூடாது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. ஒன்று முக்திநாத் மலை, அதைக் கீழே சொல்கிறேன். மற்றது, நீங்கள் தங்கியிருக்கும் கட்டடமே தாக்குதலுக்குக் குறியானால். அந்தக் கலவரத்தில் காத்மாண்டுவின் பெரிய நட்சத்திர விடுதிகளும் தாக்கப்பட்டன. பசுபதிநாதரைத் தரிசிக்கப் போயிருந்த இந்தியப் பெண் ஒருவர், தீப்பிடித்த விடுதியின் மேல் மாடியிலிருந்து தப்ப முயன்று உயிரிழந்தார். அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது. அதனால் அரசு அலுவலகங்கள், கட்சி அலுவலகங்கள், அரசியல் புள்ளிகளுக்குச் சொந்தமானவை என்று பேசப்படும் கட்டடங்கள் இவற்றின் பக்கத்தில் தங்க வேண்டாம். நடுத்தரமான, சின்ன விடுதி போதும். பெரியவர்களுக்கு முதல் மாடிக்கு மேல் அறை வாங்காதீர்கள். போய் இறங்கிய அன்றே பின்பக்கப் படிக்கட்டு எங்கே என்று எல்லோரையும் நடத்திக் காட்டிவிடுங்கள். கலவரம் நடக்கும்போது பால்கனியில் நின்று பார்ப்பதும் வீடியோ எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

பந்த் வேறு, கர்ஃப்யூ வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நேபாளத்தில் பந்த் என்பது கட்சிகள் அறிவிக்கும் கடையடைப்பு. அன்று கூட "டூரிஸ்ட்" என்று எழுதி ஒட்டிய வண்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கர்ஃப்யூ அப்படியில்லை, மாவட்ட நிர்வாகம் போடும் உத்தரவு. அதில் யாத்ரீகர் என்ற சலுகையெல்லாம் கிடையாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவைதான் ஓடும். விமானப் பயணிகளை டிக்கெட்டைப் பார்த்து விடுவது வழக்கம், ஆகவே டிக்கெட்டைக் காகிதத்தில் அச்சடித்து வைத்திருங்கள். இன்னொன்று: நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது. மாலை 5 மணிக்கு ஊரடங்கு என்றால் நம் கைக்கடிகாரத்தில் 4.45. பால் வாங்கப் போனவர் அந்தக் கால் மணி நேரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

தகவல் தொடர்பில்தான் நம்மவர்கள் ரொம்பவும் தடுமாறுகிறார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பொறியே செப்டம்பர் 4-இல் வந்த தடைதான். ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் உட்பட 26 தளங்களை முடக்கினார்கள். 8-ஆம் தேதி இரவுதான் தடை விலகியது. குழுவின் எல்லா விவரமும் வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் 14 பேரில் இருவராவது அங்கே போனதும் உள்ளூர் சிம் வாங்குங்கள். ஊரில் ஒருவரை மட்டும் தொடர்பாளராக வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அவருக்கு ஒரு எஸ்எம்எஸ் போதும். மற்ற வீடுகளுக்கு அவர் சொல்லிக்கொள்வார். விடுதி எண், ஓட்டுநர் எண், காத்மாண்டு லைன்சௌரில் உள்ள நம் தூதரகத்தின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் கைப்பையிலும் வைத்துவிடுங்கள். நேபாளத்தில் போலீஸுக்கு 100, ஆம்புலன்ஸுக்கு 102, சுற்றுலா போலீஸுக்கு 1144. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை, டெல்லியில் தமிழ்நாடு இல்லம் இரண்டின் எண்களும் ஊர்த் தொடர்பாளரிடம் இருக்கட்டும்.

அம்மா விஷயம். பயண நாட்களுக்கு மேல் பத்து நாளுக்கான இன்சுலினும் மாத்திரைகளும் எடுத்துக்கொள்ளுங்கள், பாதியை உங்கள் பையில், பாதியை இன்னொருவர் பையில். இன்சுலின் உறையக் கூடாது, முக்திநாத் குளிரில் அதை உடம்போடு ஒட்டிய பையில் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். மேலே இருக்கும்போது கலவரச் செய்தி வந்தால் முக்திநாத்திலேயே தங்கிவிடாதீர்கள். அது 3,700 மீட்டருக்கும் மேலே. உள்ளூரில் வழி அமைதியாக இருந்தால் கீழே விமான நிலையம் உள்ள ஜோம்சோம் ஊர் வரை இறங்கிவிடுங்கள், சுமார் 1,000 மீட்டர் குறையும், மூச்சுத் திணறலும் குறையும். அங்கிருந்து பொக்காரா நகரத்துக்குக் காலை விமானம் மட்டும்தான், பிற்பகலில் பலத்த காற்று பறக்க விடாது.

பணம், ஆளுக்கு மூன்று நாள் சாப்பாட்டுக்கும் அறைக்கும் தனியாக ரொக்கம். ஏடிஎம்மை நம்ப வேண்டாம். நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 65-ஐத் தாண்டியவர்களுக்கு வயதைக் காட்டும் புகைப்பட அட்டை ஒன்று போதும், மற்றவர்களுக்கு ஆதார் மட்டும் போதாது.

போவதா வேண்டாமா என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்விக்குள் அதுவும் இருக்கிறது. என் கருத்து, போகலாம். கிளம்பும் வாரத்தில் தூதரகம் பயண எச்சரிக்கை விட்டிருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள். காப்பீடு எடுக்கும்போது கலவரத்தால் ஏற்படும் செலவு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள், பல பாலிசிகளில் அது விலக்குப் பட்டியலில் இருக்கும். அப்புறம், பயண ஏற்பாட்டாளரிடம் இன்றே இரண்டு கேள்வி கேளுங்கள்: காத்மாண்டுவில் எந்த விடுதி? திரும்பும் விமானம் ரத்தானால் கூடுதல் இரவுகளுக்கு யார் பணம் கட்டுவது? தெளிவாகப் பதில் சொல்லவில்லை என்றால், மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன் ஆளை மாற்றிவிடுங்கள்.